புல்லட் ஹெட்டும் ஒற்றை எண்ணும்

ஹெட் வேலைக்கு, அதாவது எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் காற்றோட்டத்தைக் கூட்டும் வேலைக்கு, வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி கடந்த சில ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம் இழுவை கூடுமா, மைலேஜ் அடிபடுமா என்று கேட்பார்கள். இப்போது வருகிற இளைஞர்கள் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே "அண்ணா, எத்தனை சி.எஃப்.எம். வரும்?" என்று கேட்கிறார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று அந்த ஹெட்டின் வழியாகப் போகிறது என்று சொல்லும் அந்த எண்ணை ஃப்ளோ பெஞ்சு என்ற காற்றளக்கும் கருவியில் அளந்து, தாளில் அச்சிட்டு, செய்த வேலைக்குச் சான்றாகக் கையில் கொடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் வந்துவிட்டது. அளந்து காட்டச் சொல்கிற வாடிக்கையாளர் வருவது நல்லதுதான். ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்டைக் கண்மதிப்பில் குடைந்து அனுப்பிய காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒரு ஹெட்டுக்குத் தீர்ப்பெழுதும் பழக்கம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஃப்ளோ பெஞ்சை நான் மிகவும் நம்புகிறேன். நம்புவதால்தான் அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இந்த உறுத்தலுக்கு உருவம் கொடுத்தது ஒரு பழைய புல்லட் 350. திருவொற்றியூரில் வார்த்த, இரும்பு பேரலும் அலுமினிய ஹெட்டும் கொண்ட அந்தக்கால எஞ்சின். வண்டிக்காரர் பொள்ளாச்சிப் பக்கம். வேலை வால்பாறை எஸ்டேட்டில். ஆழியாறு தாண்டி மலையேறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு வழக்கமான பாதை. என்னிடம் வருவதற்கு முன்பு வேறோர் இடத்தில் ஹெட்டைக் கொடுத்துப் போர்ட் வேலை செய்திருந்தார். கம்பெனி 24 மி.மீ. கார்புரேட்டரை எடுத்துவிட்டு 500 புல்லட்டுக்கு வரும் 28 மி.மீ. கார்புரேட்டரை மாட்டி, அதற்குப் பொருந்த, காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டை வாயிலிருந்து வால்வு வரை அகலப்படுத்தி, முகம் தெரியும்படி பாலிஷ் போட்டிருந்தார்கள். வேலை சுத்தமான வேலை. டை கிரைண்டர் பழகிய கை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கூடவே ஒரு தாளும் இருந்தது. முழு லிஃப்டில், அதாவது வால்வு முழுதும் திறந்த நிலையில், காற்றோட்டம் பழையதைவிட நன்றாகவே கூடியிருப்பதாக அது சொன்னது. வண்டிக்காரர் சொன்னதோ வேறு. கொண்டை ஊசியில் திரும்பி வெளியே வரும்போது இரண்டாம் கியரில் வண்டி திணறுகிறது, முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. உடுமலை ரோட்டில் திருகிப் பிடித்தாலும் முன்பு போன வேகத்துக்கு மேல் ஒன்றும் கூடவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஏனுங்ண்ணா, இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா சரியாயிருங்களா?" என்று கேட்டார். தாளில் எண் கூடியிருக்கிறது, ஆகவே செய்தது சரியான திசை, ஆகவே போதவில்லை என்பதுதான் குறை என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். அந்தத் தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

காற்றின் வேகம்

மலைப்பாதையில் திணறுவதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெஞ்சு தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும். புல்லட் 350-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 5,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16.5 மீட்டர். 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை நிரப்பும் காற்று 24 மி.மீ. விட்டமுள்ள வழியாக வர வேண்டுமானால், பரப்பு எட்டரை மடங்கு சுருங்குகிறது என்பதால் காற்றின் வேகமும் எட்டரை மடங்கு கூடுகிறது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 140 மீட்டர். வழியை 28 மி.மீ. ஆக்கினால் அதே 5,500 சுற்றில் வேகம் 103 மீட்டராக இறங்கும். இது அச்சுப் பிசகாத கணக்கு என்று சொல்லமாட்டேன். பிஸ்டன் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, வால்வும் அதன் போக்கில்தான் திறக்கிறது, மூடுகிறது. ஆனால் ஒரு போர்ட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

மேல் சுற்றில் 103 மீட்டர் என்பது மோசமில்லை. 140 மீட்டரில் வழியின் உரசலும் இறுக்கமும் காற்றைப் பிடித்து இழுக்கும் என்பதால், 28 மி.மீ. அங்கே உதவக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். சிக்கல் கீழ்ச்சுற்றில் இருக்கிறது. கொண்டை ஊசியிலிருந்து வெளிவரும் இடம் 2,500 சுற்றுப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், 24 மி.மீ. வழியில் காற்று விநாடிக்கு 64 மீட்டர் வேகத்தில் வரும், 28 மி.மீ. வழியில் 47 மீட்டர்தான். வேகம் கால்பங்குக்கும் மேல் குறைந்தால், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருக்கும் அந்தக் காற்றின் உந்தாற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. இன்டேக் வால்வு பிஸ்டன் கீழே தொட்டவுடன் மூடிவிடுவதில்லை. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் சிறிது நேரம் திறந்தேதான் இருக்கிறது. அந்த நேரத்தில், ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்துச் சிலிண்டருக்குள் நெரித்துக்கொண்டு நுழையக் காற்றுக்கு வேகம் ஒன்றுதான் துணை. அது இல்லாவிட்டால், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகையாகத் தெளிக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்தவர்கள் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். இது போக, ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுப்பதும் அதே காற்றின் வேகம்தான். வேகம் தளர்ந்தால் பெட்ரோல் பொடிப்பொடியாகச் சிதறாமல் துளியாக விழுந்து போர்ட்டின் சுவரில் ஓடும். சுவர் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தால் அந்த ஓட்டம் இன்னும் சுலபமாகிவிடும். இன்டேக்கில் சற்றுச் சொரசொரப்பை விட்டுவைப்பதும், கரி ஒட்டாமல் இருப்பதற்காக எக்ஸாஸ்டில் மட்டும் பாலிஷ் போடுவதும் அதனால்தான்.

ஆக, மலையேற்றத்தில் இழுவை போனதற்கு விடை கிடைத்துவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவது புகார். கீழே இழந்ததற்கு ஈடாக மேலே ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். காற்றோட்டம் கூடியிருப்பதாகத் தாள் சொல்கிறது. சமதள ரோட்டில் வண்டி அதைக் காட்டவில்லை. தாள் பொய்யா? அச்சிட்டுக் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் போர்ட்டில் தெரிந்த கைவேலை ஏமாற்றுகிறவர்களுடைய வேலையாக இல்லை.

பெஞ்சில் ஏற்றியபோது

ஃப்ளோ பெஞ்சு என்பது அடிப்படையில் ஓர் உறிஞ்சும் பெட்டி. அதன் மேல், எஞ்சினின் அதே போர் அளவில் ஒரு குழாய். எங்கள் பட்டறையில் புல்லட் 350-க்கென்று 70 மி.மீ. உள்விட்டத்தில் ஓர் அடாப்டர் கடைந்து வைத்திருக்கிறோம். ஹெட்டை அதன் மேல் உட்கார வைத்து, கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்பிரிங் போட்டு, வால்வை ஒரு திருகால் அழுத்தி, டயல் கேஜைப் பார்த்து ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்துகொண்டே போக வேண்டும். போர்ட்டின் வாயில், குழந்தைகள் விளையாடும் கிளேயைப் பட்டையாக உருட்டி வட்டமாக ஒட்டி, காற்று கூர்விளிம்பில் அடிபடாமல் வழுக்கி நுழைய உதடு அமைக்க வேண்டும். அந்த உதட்டை மறந்தால் ஹெட்டின் குறையை அளக்கிறோமா, நுழைவாயிலின் குறையை அளக்கிறோமா என்றே தெரியாமல் போகும். வால்வை மூடிவைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்த்து அதைக் கழிக்க வேண்டும். அளவு தெரிந்த துளையிட்ட தகடு ஒன்றை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வைத்துச் சோதித்து, பெஞ்சு அன்றைக்கு அன்றைக்குள்ளேயே மாறாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கோயம்புத்தூர் மதிய வெயிலில் ஷீட் போட்ட கூரைக்குக் கீழே காற்றின் அடர்த்தி ஒன்று. காலை ஏழு மணிக்கு வேறொன்று. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செட் ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் இறங்கி, உறிஞ்சும் மோட்டார்களின் சுதி மாறுவது காதிலேயே கேட்கும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ஓர் ஊரில் ஒரு பெஞ்சில் வந்த எண்ணை இன்னோர் ஊரில் இன்னொரு பெஞ்சில் வந்த எண்ணோடு ஒப்பிடுவதற்குப் பொருள் மிகக் குறைவு என்பதுதான். ஒரே பெஞ்சில், ஒரே நாளில், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த இரண்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் உண்மையான செய்தி.

எவ்வளவு அழுத்த வித்தியாசத்தில் உறிஞ்சுகிறோம் என்பது இன்னொரு கேள்வி. உலகெங்கும் ஹெட் வேலைக்காரர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு 28 அங்குல நீர்மட்டம். ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றிரண்டை வைத்துத் தாங்களே கட்டிக்கொண்ட பெஞ்சுகளில் முழு லிஃப்டில் அவ்வளவு அழுத்தம் நிற்பது கடினம் என்பதால் பலர் 10 அங்குலத்தில் அளந்து, அந்த எண்ணை 1.67-ஆல் பெருக்கி 28 அங்குலத்துக்குரியதாக எழுதுவார்கள். இதில் குற்றமில்லை. காற்றோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 28-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.67-தான் வரும். வால்பாறைக்காரரின் தாளின் அடியிலும் அப்படிப் பெருக்கியதாகச் சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தது. மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

அலமாரியில் கைபடாத கம்பெனி ஹெட் ஒன்று இருந்தது. முதலில் அதையும் பிறகு இவருடைய ஹெட்டையும் 10 அங்குலத்தில் அளந்தேன். தாள் சொன்னது சரியாகவே இருந்தது. பாதி லிஃப்டுக்கு மேல் அகலப்படுத்திய போர்ட்டு தெளிவாக முன்னே நின்றது. பிறகு மற்ற மோட்டார்களையும் போட்டு 28 அங்குலத்துக்கு ஏற்றினேன். கம்பெனி ஹெட்டில், 10 அங்குல எண்ணை 1.67-ஆல் பெருக்கினால் வருவதும் 28 அங்குலத்தில் நேராக அளந்ததும் வரிசை முழுக்க ஒத்துப்போயின. இவருடைய ஹெட்டில் பாதி லிஃப்டு வரை ஒத்துப்போனது. அதற்கு மேல் அளந்த எண், பெருக்கி வந்த எண்ணைத் தொடவே இல்லை. வால்வை மேலும் மேலும் திறந்தும் காற்றோட்டம் ஏறாமல் நின்றது. கடைசி மில்லிமீட்டரில் கம்பெனி ஹெட்டுக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. ஒலியும் மாறியது. அதுவரை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த போர்ட்டு, துணி கிழிவது போலக் கரகரக்கத் தொடங்கியது. அழுத்தம் காட்டும் மேனோமீட்டர் குழாயில் சாயம் கலந்த நீர் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கியது.

வெல்டிங் கம்பியின் நுனியில் ஒரு துண்டுத் தையல் நூலைக் கட்டிப் போர்ட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். கூரைப் பக்கம் நூல் காற்றின் திசையில் விறைப்பாக நின்றது. வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் கைடைச் சுற்றிக் கொஞ்சம் துடித்தது. போர்ட்டின் தரை வளைந்து, வால்வு வந்து உட்காரும் சீட்டுக்குள் இறங்கும் இடத்துக்குக் கொண்டுபோனதும் நூல் நின்று, சுழன்று, பிறகு கார்புரேட்டர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்த இடத்தில் காற்று பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 10 அங்குலத்துக்கு இறக்கியதும் அதே நூல் தரையோடு ஒட்டி, ஒழுங்காக வால்வைப் பார்த்துத் திரும்பியது.

எனக்கு எல்லாம் விளங்கிய நேரம் அதுதான். போர்ட்டை அகலப்படுத்தியவர்கள் தரையையும் அரைத்துத் தாழ்த்தியிருந்தார்கள். தரை தாழ்ந்ததால், அது சீட்டை நோக்கி இறங்கும் உள்வளைவு பரந்த வளைவாக இல்லாமல் கூரான முனையாகிவிட்டது. அதே வால்பாறைப் பாதையில் மெதுவாக வரும் பஸ் வளைவின் உள்விளிம்பை ஒட்டியே திரும்பிவிடும், வேகமாக வந்தால் வெளிப்பக்கம் தூக்கியடிக்கப்படும் அல்லவா, காற்றுக்கும் அதே கதிதான். 10 அங்குல நீர்மட்டம் காற்றுக்குக் கொடுக்கக்கூடிய வேகம் கணக்குப்படி விநாடிக்கு 64 மீட்டர். அந்த வேகத்தில் அது உள்வளைவோடு ஒட்டித் திரும்பிவிட்டது. 28 அங்குலம் கொடுப்பது 108 மீட்டர். அதில் வளைவைப் பிடிக்க முடியாமல் பிய்த்துக்கொண்டது. பிய்ந்த இடத்தில் சுழல் நின்றுகொண்டு வழியை அடைத்தது. போர்ட்டு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் காற்றுக்கு அதில் ஒரு பகுதிதான் திறந்திருந்தது. எஞ்சின் உயர்சுற்றில் ஓடும்போது காற்று செல்லும் வேகம் 10 அங்குலச் சோதனையைவிட 28 அங்குலச் சோதனைக்குத்தான் நெருக்கமானது. 1.67 என்ற பெருக்கல் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் வேகம் கூடும்போது காற்றோட்டத்தின் வடிவம் மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். வடிவம் உடைகிற ஹெட்டில், அந்தப் பெருக்கல் கேட்காத கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது.

போர்ட்டைச் சிறிதாக்கிய வேலை

அடுத்துச் செய்தது சிறிய சோதனைதான், ஆனால் பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். கிளேயை எடுத்துப் போர்ட்டின் தரையில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்து, உள்வளைவு மீண்டும் பரந்து இறங்கும்படி மேடாக்கினேன். வழியின் பரப்பு கண்கூடாகக் குறைந்துவிட்டது. 28 அங்குலத்துக்கு ஏற்றினோம். கரகரப்பு போய்விட்டது, நீர்மட்டம் அசையாமல் நின்றது, உயர் லிஃப்டில் காற்றோட்டம் கிளே வைப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடியது. எங்களிடம் சீட் வேலை பார்க்கும் பெரியவர் இந்தத் தொழிலில் என்னைவிட மூத்தவர், பெஞ்சின் எண்களில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாதவர். குனிந்து போர்ட்டுக்குள் பார்த்துவிட்டு, "அடைச்சா கூடுதா?" என்று மட்டும் கேட்டார். அடைத்தது, காற்று பயன்படுத்தாமல் விட்டிருந்த இடத்தைத்தான்.

கிளே பெட்ரோலில் நிற்காது. அதை உலோகமாக்க வேண்டும். எப்பாக்ஸி வைத்து நிரப்பிப் பந்தய வண்டிகளை ஓட்டுகிறவர்கள் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில், தினமும் மலையேறும் வண்டிக்கு அதை வைத்துக் கொடுக்க நான் துணியமாட்டேன். ஒரு துண்டு பெயர்ந்தால் அது நேராகப் போவது வால்வுக்கும் பிஸ்டனுக்கும்தான். ஆகவே கைடுகளைக் கழற்றி, ஹெட்டை நன்றாகக் கழுவி, மெதுவாகச் சூடேற்றி, ஆர்கான் வெல்டிங்கில் தரையை நிரப்பினோம். பழைய வார்ப்பு அலுமினியம் வருடக்கணக்காக எண்ணெய் குடித்திருக்கும். வெல்டு போடப்போட அழுக்கு கொப்பளித்து மேலே வரும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஆறிய பிறகு ஹெட்டின் முகத்தைச் சமன் பார்த்து, புதிய கைடு இறக்கி, அதற்குப் பின் சீட்டுகளை வெட்டினோம். கார்புரேட்டரைப் பொறுத்தவரை வண்டிக்காரரிடம் நேராகவே சொன்னேன்: உங்கள் வண்டி வாழ்நாளெல்லாம் ஓடப்போவது மலைப்பாதையில், 24-க்கே திரும்பிவிடுங்கள். அவர் தயங்கினார். காசு கொடுத்துப் பெரிதாக்கியதை மறுபடியும் காசு கொடுத்துச் சிறிதாக்க யாருக்கு மனம் வரும்? இரண்டு அழுத்தங்களிலும் அளந்த வரிசைகளை அடுத்தடுத்து வைத்து, நூல் திரும்பிப் படுத்ததைப் பெஞ்சிலேயே காட்டிய பிறகு சம்மதித்தார்.

சீட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்ட்டுக்குக் கிடைக்கும் புகழ் சீட்டுக்குக் கிடைப்பதில்லை. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது காற்றுக்கு இருக்கும் வழி, வால்வைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய வளையம் மட்டும்தான். அந்த வளையத்தின் பரப்பு வால்வின் விட்டத்தில் கால்பங்கு லிஃப்டில்தான் வால்வின் முழுப் பரப்பை எட்டும், 40 மி.மீ. வால்வு என்றால் 10 மி.மீ. லிஃப்டில். அதற்குக் கீழே போர்ட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கழுத்தைப் பிடிப்பது சீட்டுதான். மேலும், வால்வு முழு லிஃப்டில் இருப்பது ஒரு கணம். தாழ்ந்த லிஃப்டுகளைத் திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை கடக்கிறது. 45 டிகிரியில் உட்காரும் முகம், அதற்கு மேலே 30 டிகிரி, கீழே தொண்டைப் பக்கம் 60 டிகிரி என்று மூன்று கோணங்களில் வெட்டினால் காற்று ஒரே மடிப்பில் ஒடியாமல் படிப்படியாகத் திரும்புகிறது. வால்வின் முதுகில் 30 டிகிரியில் ஒரு சிறிய வெட்டுக் கொடுத்தால் தாழ்ந்த லிஃப்டில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். உட்காரும் முகத்தின் அகலத்தை இன்டேக்கில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வைக்கலாம். எக்ஸாஸ்டில் அவ்வளவு குறைக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை அந்த முகத்தின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. காற்றோட்டத்துக்காக அதை ஒல்லியாக்கினால் வால்பாறை ஏற்றத்தில் வால்வு கருகும். பெரியவர் சீட்டு வெட்டிவிட்டு, நீல மசியை மெல்லத் தடவி, வால்வை ஒரே ஒரு முறை தட்டி உட்கார வைத்து எடுத்துப் பார்ப்பார். வளையம் அறுபடாமல், எங்கும் ஒரே அகலத்தில், வால்வு முகத்தின் நடுவில் விழுந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மயிரிழை மெலிந்திருந்தாலும் மறுபடி கட்டரை எடுத்துவிடுவார். அன்று அந்த ஹெட்டின் தாழ்ந்த லிஃப்டு எண்களில் வந்த முன்னேற்றம் முழுக்க அவருடையது. அது எந்தத் தாளின் தலைப்பு வரியிலும் வராது. தலைப்பு வரியில் எப்போதும் இருப்பது முழு லிஃப்டுதான்.

அளந்தவர்கள் எதைத் தேடினார்கள்

காற்றை அளந்து ஹெட் செய்யும் வழியைத் தொழிலாக்கியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். 1920-களிலேயே பென்ட்லி எஞ்சின்களுக்கு வேலை செய்தவர்; 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினின் ஹெட்டில் அவர் கை உண்டு. காற்றோட்டத்தின் அளவை மட்டுமே அவர் துரத்தியிருந்தால் பி.எம்.சி. கார் நிறுவனத்தின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு இதய வடிவ எரியறையை வகுத்திருக்கமாட்டார். உள்ளே வந்த கலவை எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கமிருந்து எரிகிறது என்பதும் அவருடைய கேள்வியாக இருந்தது. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜிம் கிளார்க் ஓட்டி, முதல் பந்தயத்திலேயே வென்ற காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினைக் கீத் டக்வொர்த் வடிவமைத்தபோது, வால்வுகளுக்கு இடையிலான கோணத்தை 32 டிகிரிக்குச் சுருக்கினார். இன்டேக் வழி நேராக இறங்கியது, எரியறை தட்டையானது, கலவை உள்ளே உருண்டு விரைவாக எரிந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 18 அன்று, பெல்ஜியத்தின் ஸ்பாவில் டான் கர்னி வென்றது வெஸ்லேக் நிறுவனத்தின் வி-12 எஞ்சின் வைத்த ஈகிள் காரில். அந்த இரண்டு வாரங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். காற்று எந்த வழியில் திரும்புகிறது என்று வாழ்நாளெல்லாம் யோசித்த இருவரின் பட்டறைகள், அந்தக் கோடையில் அடுத்தடுத்து விடை சொல்லியிருக்கின்றன.

பெஞ்சு சொல்லாதது இன்னும் இருக்கிறது. அதில் காற்று ஒரே சீராக ஓடுகிறது. எஞ்சினிலோ திறந்து மூடித் திறந்து மூடி, போர்ட்டுக்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருக்கின்றன. பெஞ்சில் பெட்ரோல் இல்லை, சூடு இல்லை. பந்தயத்துக்கு ஹெட் செய்கிறவர்கள் பெஞ்சோடு நிற்காமல், எஞ்சினின் ஆற்றலை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்ப்பதும், அதற்குப் பிறகும் இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்துக் காரி டிராக்கிலோ ஓட்டி நேரம் பார்த்த பின்பே முடிவுக்கு வருவதும் அதனால்தான். தெருவில் ஓடும் வண்டிக்கு அவ்வளவும் கட்டுப்படியாகாது. அதனால்தான் பெஞ்சிடமிருந்து சரியான கேள்விக்கான விடையையாவது வாங்க வேண்டும் என்கிறேன். எவ்வளவு போகிறது என்ற ஒன்றோடு நில்லாமல், எந்த லிஃப்டில், எந்த வேகத்தில், எந்த இடத்தில் காற்று சுவரை விட்டுப் பிரிகிறது என்று கேட்டால் அது ஒளிக்காமல் காட்டிக்கொடுக்கும்.

வால்பாறைக்காரர் இப்போது கொண்டை ஊசிகளில் இரண்டாம் கியரிலேயே வெளிவருகிறார். உடுமலை ரோட்டில் வேகம் முன்பைவிட இம்மியளவு கூடியிருக்கிறது என்கிறார். அதை நான் அளந்து பார்க்கவில்லை. அந்த வேலைக்குப் பிறகு எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் தாளில் தலைப்பு எண் கிடையாது. ஒவ்வொரு மில்லிமீட்டர் லிஃப்டுக்கும் ஒரு வரி, 10 அங்குலத்தில் அளந்து பெருக்கியது ஒரு பத்தி, 28 அங்குலத்தில் நேராக அளந்தது ஒரு பத்தி. இரண்டும் விலகும் வரியைச் சிவப்பில் வட்டமிடுகிறோம். சில வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. நண்பர்களிடம் காட்ட ஓர் எண் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வேறு இடத்துக்குப் போனால் போகட்டும்.

பழைய புல்லட் வைத்திருந்து, இழுவை குறைந்துவிட்டது, போர்ட்டிங் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வால்வைக் கைடுக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் சீட்டில் வேறு இடத்தில் உட்காருகிறது; அந்த ஹெட்டில் போர்ட்டைப் பற்றிப் பேசுவதே வீண். கைடு மாற்றி, மூன்று கோணத்தில் சீட்டு வெட்டி, ஹெட்டின் வாயும் கார்புரேட்டர் ஃபிளாஞ்சும் கேஸ்கெட்டும் ஒன்றுக்கொன்று நீட்டிக்கொண்டு நிற்காமல் சேர்கின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் தேய்த்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகள் இதிலேயே திருந்திவிடுகின்றன. அதற்கும் மேல் வேண்டும் என்று போர்ட்டுக்குள் டை கிரைண்டரை விடுகிறவர்கள் கைடைச் சுற்றிய மேட்டை ஒல்லியாக்கலாம், கூரையை நேராக்கலாம். தரையில் மட்டும் கைவைக்காதீர்கள்.